கல்லா, கட்டையா? மைலுக்கு இந்த மண்ணில் வழங்கும் பெயர்கள்

கோலாலம்பூரிலிருந்து காஜாங் செல்லும் எம்.ஆர்.டி. இரயில் பாதையில் ஒரு நிலையத்தின் பெயர் ‘பத்து செபெலாஸ் செராஸ்’. 2017-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் அந்தப் பாதை காஜாங் வரை திறக்கப்பட்டபோது பயன்பாட்டுக்கு வந்த நிலையம் அது. தானியங்கிக் கதவு, மின்படிக்கட்டு, ஓட்டுநர் இல்லாத இரயில் என எல்லாமே புதியவை. பெயர் மட்டும் மாட்டு வண்டிக் காலத்தது. மலாய்மொழியில் ‘பத்து’ என்றால் கல். ‘செபெலாஸ்’ என்றால் பதினொன்று. பதினொன்றாவது மைல்கல் நின்ற இடம் என்பது அதன் பொருள்.

நம் நாட்டில் எடை, அளவைச் சட்டம் 1972-இல் நிறைவேறியது. அதன்பின் படிப்படியாக மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. இன்று பல்கலைக்கழகத்தில் நம்மோடு படிப்பவர்களில் யாரிடமாவது ஒரு மைலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டுப் பாருங்கள். கைப்பேசியை எடுப்பார்கள். ஆனாலும் 2017-இல் திறந்த ஒரு நிலையத்துக்குப் ‘பதினேழு புள்ளி ஏழு’ என்று யாரும் பெயர் வைக்கவில்லை. பதினொரு மைலைக் கிலோமீட்டராக்கினால் வரும் எண் அதுதான். மைல் என்ற அளவு வழக்கொழிந்தும், அதைக் குறித்த ‘கல்’ மட்டும் ஊர்ப்பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பது ஏன்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் உரோமாபுரி, சாவகம், யாழ்ப்பாணம் என்று பல இடங்களைத் தொட்டுவிட்டு, நம் பாட்டிமார் சொல்லும் ‘எட்டாங்கட்டை’யில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

ஆயிரம் எட்டு

மைல் என்ற சொல்லுக்குள் இருப்பது ஓர் எண். இலத்தீனில் ‘மில்லே’ என்றால் ஆயிரம். ‘மில்லே பாசுஸ்’ என்றால் ஆயிரம் எட்டு. இந்த எட்டு நாம் எண்ணும் ஓரடி எட்டன்று; வலக்கால் ஊன்றிய இடத்திலிருந்து மறுபடியும் வலக்கால் ஊன்றும் இடம்வரை ஒரு ‘பாசுஸ்’. ஐந்து உரோமானிய அடி. ஆகவே உரோமானிய மைல் 5000 அடி. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1480 மீட்டர். படைவீரர்கள் நடந்து நடந்து எண்ணிய அளவு.

ஆங்கிலேயரிடம் வந்தபோது அது நீண்டது. அவர்களிடம் ஏற்கெனவே ‘ஃபர்லாங்’ என்ற நிலஅளவு இருந்தது. உழவுசால் ஒன்றின் நீளம் என்பது அதன் பொருள். 660 அடி. நிலத்தின் எல்லைகளெல்லாம் அந்த அளவில் பதிவாகியிருந்ததால் அதில் கைவைக்க முடியவில்லை. மைலைத்தான் வளைத்தார்கள். எட்டு ஃபர்லாங் ஒரு மைல், அதாவது 5280 அடி என்று 1593-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வரையறுத்தது. வேடிக்கை என்னவென்றால் அது அளவைச் சட்டமே அன்று. இலண்டன் நகர வாயில்களிலிருந்து மூன்று மைலுக்குள் புதுக் கட்டடம் கட்டக்கூடாது என்ற சட்டம்! மூன்று மைல் எதுவரை என்று கேள்வி வந்ததால் மைலுக்கு விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. மைலைச் சரியாக 1609.344 மீட்டர் என்று ஆறு ஆங்கிலம் பேசும் நாடுகள் ஒப்புக்கொண்டது 1959-இல்தான்.

மைல் எல்லா ஊரிலும் ஒன்றாய் இருந்ததில்லை. ஜெர்மானியரின் பழைய மைல் ஏழரைக் கிலோமீட்டர் அளவு. சுவீடனில் இன்றும் ‘மில்’ என்றால் பத்துக் கிலோமீட்டர். அங்கே போய் “இன்னும் ஒரு மைல்தான்” என்று யாராவது சொன்னால் நடக்கக் கிளம்பிவிடாதீர்கள். கப்பலோட்டிகளின் கடல்மைல் 1852 மீட்டர். அராபியர் இலத்தீன் சொல்லை வாங்கி ‘மீல்’ என்றார்கள். மூன்று மீல் ஒரு ஃபர்ஸக். சீனர்களோ சொல்லை வாங்காமல் தங்கள் ‘லீ’யையே வைத்துக்கொண்டார்கள். இன்று சீன லீ 500 மீட்டர். மைலுக்கு ‘யிங் லீ’, அதாவது ஆங்கிலேய லீ. கிலோமீட்டருக்கு ‘கோங் லீ’, அதாவது பொது லீ. வந்தவனுக்கு வீட்டுப் பெயரை வைத்து அடைமொழி சேர்க்கும் பழக்கம் நமக்கும் தெரிந்ததுதானே? நாம் உருளைக்கிழங்குக்குச் செய்ததை அவர்கள் மைலுக்குச் செய்திருக்கிறார்கள்.

கூப்பிட்டால் கேட்கும் தூரம்

நடந்து அளப்பது ஒரு வழி. கூவி அளப்பது இன்னொரு வழி. தமிழில் ‘கூப்பிடு’ என்பதே ஓர் அளவைப் பெயர். நான்கு கூப்பிடு ஒரு காதம் என்பது பழைய வாய்ப்பாடு. வட இந்தியாவில் வழங்கும் ‘கோஸ்’ சமஸ்கிருதத்தின் ‘குரோசம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதன் பொருளும் கூவுதல்தான். மலாய்மொழியில் ‘லாவுங்’ என்றால் உரக்கக் கூப்பிடுவது. ‘செபெலாவுங்’ என்றால் ஒரு கூப்பிடு தூரம். மூன்று மொழியிலும் ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது. யாரும் யாரிடமும் கடன் வாங்கியிருக்க வேண்டியதில்லை. ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவனைக் கூப்பிட வேண்டிய தேவை எல்லா ஊரிலும் உண்டு.

மலாய்க்காரர்களின் ‘செபெனானாக் நாசி’ இன்னும் அழகு: ஒரு பானைச் சோறு வேகும் நேரம். எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்று கேட்டால், சோறு வேகும் நேரம் என்று பதில் வரும். மழைக்காலத்தில் விறகு ஈரமாக இருந்தால் தூரமும் கூடுமோ என்னவோ!

இந்த அளவுகளுக்கெல்லாம் ஒரு குறை உண்டு. அவை ஆளைப் பொறுத்தவை. வரி வசூலிக்கவும், படை அனுப்பவும், தபால் கொண்டுபோகவும் அரசுக்கு மாறாத அளவு வேண்டும். அதற்கு வழியோரத்தில் எதையாவது நட்டு வைக்க வேண்டும். உரோமானியர் கல்தூண் நட்டார்கள். மொகலாயர் ஆக்ராவுக்கும் லாகூருக்கும் இடையே கோஸ் ஒன்றுக்கு ஒன்றாகச் சுமார் 30 அடி உயரத் தூபிகள் எழுப்பினார்கள். ‘கோஸ் மினார்’ என்ற பெயரில் அவற்றில் பல இன்றும் நிற்கின்றன.

தமிழகத்திலும் இது புதிதன்று. தருமபுரிப் பகுதியில் ‘அதியமான் பெருவழி’ என்ற சாலையின் காதக் கற்கள் கிடைத்திருக்கின்றன. நாவற்றாவளம் என்ற ஊருக்கு இத்தனை காதம் என்று அவற்றில் வெட்டப்பட்டுள்ளது. அதே எண்ணைக் குழிகளாலும் குறித்திருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத வழிப்போக்கன் குழியைத் தடவி எண்ணிக்கொள்ளலாம். இரவில் வருபவனும் எண்ணலாம். இன்றைய சாலைப் பலகைகளை அமைப்பவர்கள் அந்தக் கல்லை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கல் என்றால் தூரம்

பிரிட்டிஷார் மலாயாவில் சாலை போட்டபோது மைலுக்கு ஒரு கல் நட்டார்கள். சிங்கப்பூரில் தலைமைத் தபால் நிலையம்தான் சுழி மைல். 1928-இல் திறக்கப்பட்ட ஃபுல்லர்ட்டன் கட்டடத்தில் அது இயங்கியது. தீவின் சாலைத் தொலைவுகளை அங்கிருந்துதான் எண்ணினார்கள். தபால்காரர்களுக்கு அது வசதி. மக்களுக்கோ புது மொழி. ஏனென்றால், அந்தக் கற்கள் நடப்பட்ட பிறகு இங்கு வாழ்ந்தவர்கள் தூரத்தை ‘மைல்’ என்று சொல்லவில்லை. கண்ணெதிரே எது நின்றதோ அதன் பெயரைச் சொன்னார்கள்.

மலாய்க்காரர்கள் ‘பத்து’ என்றார்கள். இன்றும் மலாய்மொழியில் மைலுக்கு அதுதான் சொல். கடல்மைல் ‘பத்து நவுத்திகா’. கடலில் ஏது கல் என்று கேட்கக்கூடாது. கல் என்ற நினைப்பே போய் வெறும் அளவாகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அடுத்த வீடான இந்தோனேசியாவில் மைல் ‘மில்’ ஆகிவிட்டது. ஆனால் அங்கே டச்சுக்காரர் ஆண்ட காலத்தில் வேறொரு சொல் வழங்கியது: ‘பால்’. டச்சு மொழியில் அதற்குக் கம்பம், நடுகட்டை என்று பொருள். 1808-இல் ஆளுநராக வந்த டாண்டல்ஸ் சாவகத்தின் வடகரை நெடுகிலும் போட வைத்த பெரிய தபால் சாலையில் ஏறத்தாழ 1507 மீட்டருக்கு ஒரு கம்பம் நட்டார்கள். அந்த இடைவெளிக்கே ‘பால்’ என்று பெயராயிற்று. ஜகார்த்தாவில் உள்ள ‘பால்மேரா’ என்ற இடத்தின் பெயரில் அந்தக் கம்பம் இருக்கிறது. மேரா என்றால் சிவப்பு.

சிங்கப்பூர் ஹொக்கியன்காரர்கள் மைலை ‘தியாவ் ச்சியோ’ என்று எண்ணினார்கள். ‘ச்சியோ’ என்றால் கல். ‘தியாவ்’ நீளமான பொருள்களை எண்ணும்போது சேர்க்கும் சொல். ஏழாவது மைல் என்றால் ‘ஏழு நெடுங்கல்’. கோலாலம்பூர்ச் சீனர்கள் ‘பெய்’ என்றார்கள். எழுத்துப் பொறித்த கல் என்று பொருள். இங்கே தமிழர் எல்லாரும் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நாம் துணி எடுக்கவும், மாலை வாங்கவும், வாழை இலையில் சாப்பிடவும் போகும் பிரிக்பீல்ட்ஸுக்குச் சீன மொழியில் ‘ஷீ வூ பெய்’ என்று பெயர். பதினைந்தாம் கல்! ஏன் பதினைந்து என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கதை எதுவானாலும், செங்கல் சூளை இருந்ததால் ஆங்கிலேயர் ஒரு பெயர் வைத்தார்கள், சாலையோரக் கல்லைக் கொண்டு சீனர் ஒரு பெயர் வைத்தார்கள் என்பது தெளிவு. சரவாக்கில் நிலைமை வேறு. கூச்சிங் நகரச் சீனர்கள் கல்லை விட்டுவிட்டு ‘லீ’க்கே திரும்பிவிட்டார்கள். ஆங்கிலத்தில் ஏழாவது மைல் எனப்படும் கோத்தா செந்தோசா அவர்களுக்கு ‘ச்சீ லீ’. பத்தாவது மைலான கோத்தா படாவான் ‘ஷீ லீ’.

ஊர்ப்பெயரில் ‘பத்து’ வந்தாலே மைல் என்று எண்ணிவிடக்கூடாது. பத்து காஜாவில் இருப்பது யானைக்கல். பத்து பஹாட்டில் இருப்பது உளி பட்ட கல். எண் சேர்ந்து வந்தால்தான் பெரும்பாலும் மைல்: ஊலு லங்காட் பக்கம் பத்து 14, பத்து 18 என்ற சிற்றூர்கள் போல.

தமிழில் இதை எழுதும்போது வரும் தொல்லையையும் சொல்ல வேண்டும். மலாயின் ‘பத்து’வைத் தமிழில் எழுதினால் நம் பத்தாகிவிடுகிறது. ‘பத்து 14’ என்று ஓர் அறிவிப்பில் படித்தால் தமிழ்நாட்டிலிருந்து வந்த நண்பர் 24 என்று கூட்டினாலும் குற்றமில்லை. இந்தக் குழப்பம் ஓரிடத்தில் புண்ணியமாகவும் முடிந்திருக்கிறது. பத்துமலையின் பெயர் அதன் அடியில் ஓடும் பத்து ஆற்றின் பெயரிலிருந்து வந்தது. நம்மவர்களோ ஆறு படைவீடு, அதன்பின் மலேசியாவின் கல்லுமலை, தண்ணீர்மலை, சன்னாசிமலை, பத்தாவதாக இந்த மலை என்று கணக்குச் சொல்கிறார்கள். மொழியியல் ஒப்புக்கொள்ளாது. ஆனால் 1892-ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் நடக்கும் இடத்தில் மொழியியல் பேசினால் காவடி எடுப்பவர் யார் கேட்கப் போகிறார்?

கட்டை

இனி நம் சொல்லுக்கு வருவோம். தமிழ்நாட்டு எழுத்தில் மைலுக்குக் ‘கல்’ என்ற சொல் உண்டு. “மூன்று கல் தொலைவில் ஒரு கிராமம்” என்று கதைகளில் படித்திருக்கிறோம். ‘மைல்கல்’ என்ற பாதி ஆங்கிலச் சொல்லும் உண்டு. நம் சங்கத்தின் ஆண்டறிக்கைகளில் அது இல்லாத ஆண்டே கிடையாது; எந்த நிகழ்ச்சி நடந்தாலும் ‘சங்க வரலாற்றில் ஒரு மைல்கல்’. ஆனால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தோட்டத்திலும் கம்பத்திலும் வாழ்ந்த தமிழர் வாயில் வந்தது கல்லன்று, கட்டை. “எத்தனை கட்டை போவணும்?” “அஞ்சு கட்டை இருக்கும்.” “எட்டாங்கட்டையில எறங்கிக்க.”

கட்டை என்றால் மரத்துண்டு, கம்பம். தூரம் காட்ட நட்ட கம்பம் தூரமே ஆயிற்று. டச்சுக்காரரின் ‘பால்’ சென்ற அதே வழி. தமிழில் கட்டை இன்னோர் அளவையாகவும் இருக்கிறது: பாடகர்கள் சுருதியை ‘ஐந்துக் கட்டை’, ‘ஐந்தரைக் கட்டை’ என்பார்கள். ஆர்மோனியத்தில் விரல் வைக்கும் மரக்கட்டையை வைத்து வந்த வழக்கு. கையால் தொடக்கூடிய ஒரு பொருளின் பெயரைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஏற்றிவிடுவது நம் மொழிக்குப் பழக்கமான வேலை. எடைக்கு வைக்கும் இரும்பையும் நாம் ‘படிக்கல்’ என்றுதானே சொல்கிறோம்?

இந்தக் கட்டை எங்கிருந்து வந்தது? இலங்கைத் தமிழில் இன்றும் மைலுக்குக் கட்டை என்றே பெயர். கிளிநொச்சியில் ‘155-ஆம் கட்டை’ என்று ஓர் இடமே இருக்கிறது. சிங்களத்திலும் மைல்கல்லைக் குறிக்கும் தொடரில் ‘கணுவ’ என்ற சொல் வருகிறது. அதற்கும் கம்பம் என்று பொருள். மலாயாவின் முதல் இரயில் பாதை 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை போடப்பட்டது. அதைப் போடுவதற்கு இலங்கையிலிருந்து தொழிலாளர் படை வரவழைக்கப்பட்டது. பின்னர் இரயில்வேயிலும் நிலஅளவைத் துறையிலும் எழுத்தர்களாக யாழ்ப்பாணத் தமிழர் ஏராளமாக வந்தார்கள். காப்பித் தோட்டம் நடத்திய துரைமார்களும் அங்கிருந்து இங்கு வந்தார்கள். தூரத்தை அளந்து, எழுதி, கம்பம் நட்டு வேலை செய்தவர்களின் சொல் மற்றவர்களிடமும் பரவியிருக்கும் என்பது என் எண்ணம். நம் தோட்டப் பேச்சில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வந்தது என்பதை நாம் அடிக்கடி சொல்கிறோம். யாழ்ப்பாணத்துக்கும் நமக்கும் உள்ள மொழி உறவை அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்த ஒரு சொல்லாவது அதை நினைவுபடுத்தட்டும்.

ஆறு கட்டையும் ஆறாங்கட்டையும்

இந்தச் சொல்லில் என்னை மிகவும் கவர்ந்தது அதன் இலக்கணம். ‘ஆறு கட்டை’ என்றால் தூரம். ‘ஆறாங்கட்டை’ என்றால் இடம். ஆறு கட்டையை நடக்கலாம், ஆறாங்கட்டையில் குடியிருக்கலாம். எண்ணுப்பெயர் வரிசைப்பெயராக மாறியதும் அளவு ஊராகிவிடுகிறது. மலாய்மொழி இதையே சொல் வரிசையால் செய்கிறது: ‘எனாம் பத்து’ என்றால் ஆறு மைல், ‘பத்து எனாம்’ என்றால் ஆறாவது மைலில் உள்ள இடம். இரண்டு மொழிக்கும் வேர் வேறு, இலக்கணம் வேறு. ஒரே சாலையோரம் வாழ்ந்ததால் இரண்டும் ஒரே வேலையைச் செய்யக் கற்றுக்கொண்டன.

பள்ளியில் கட்டுரை எழுதும்போது ‘கட்டை’ என்று எழுதினால் சிவப்பு மையில் வட்டம் விழும். பக்கத்தில் ‘மைல்’ என்று திருத்தம் இருக்கும். கட்டை கொச்சை, மைல் சரி! கொஞ்சம் நின்று பார்ப்போம். ஆறாம் என்பதோடு கட்டை சேர்ந்தால், மகரம் வல்லினத்துக்கு இனமான மெல்லினமாகத் திரிந்து ஆறாங்கட்டை ஆகிறது. நாம் படிவம் நான்கிலும் ஐந்திலும் மனப்பாடம் செய்த புணர்ச்சி விதிதான். எந்த விதியையும் படிக்காத பால்மரம் வெட்டும் பெண்கள் அதைப் பிழையில்லாமல் சொன்னார்கள். அரைக்கும் காலுக்கும்கூட வடிவம் இருந்தது: மூன்றரைக்கட்டை, நாலேகால்கட்டை. ‘மைல்’ இலத்தீன் சொல். கட்டை தமிழ்ச் சொல். எது கொச்சை, எது சரி என்று முடிவு செய்வதற்கு முன் இதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டாமா? எழுத்துத் தமிழுக்கு ஒரு தரம் வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் தரப்படுத்துகிறோம் என்று தமிழ்ச் சொல்லை அடித்துவிட்டு ஆங்கில வழி வந்த சொல்லை எழுதிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியிலும் அதன்பின் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்த என்னைப் போன்றவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். வகுப்பில் ‘பத்து’ என்று எழுதினால் சரி. அது பாடப்புத்தகச் சொல். அதே பொருளில் வீட்டில் வழங்கும் கட்டையை எந்தப் பாடத்திலும் எழுத முடியாது. கல்லுக்குக் கிடைத்த மதிப்பு கட்டைக்குக் கிடைக்கவில்லை.

சொல் போனால் என்ன போகும்? என் பாட்டி பிறந்த தோட்டம் இன்று இல்லை. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. லயங்கள் இல்லை. கோயிலை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கம்பெனிப் பெயர் இருந்தது. பாட்டிக்கு அதைச் சரியாகச் சொல்ல வராது. அவருக்கு அது ‘எட்டாங்கட்டை’. உறவினர் கூடினால் “நம்ம எட்டாங்கட்டை ராமாயி மக” என்றுதான் பேச்சு வரும். அந்தப் பகுதிக்கு மேம்பாட்டு நிறுவனம் வைத்திருக்கும் பூப்பெயரில் அவருக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அங்கு வேலை செய்த குடும்பங்கள் கிள்ளான், சுங்கை பூலோ, ரவாங் என்று பிரிந்துவிட்டன. அவர்களை ஒன்றாகக் குறிக்க மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் என் தம்பிக்கு அந்தச் சொல் ஒரு கட்டைத் துண்டையே நினைவூட்டுகிறது.

கட்டைப் பெயர்களில் ஒரு சிக்கலும் உண்டு. ஒவ்வோர் ஊருக்கும் தனிச் சுழி. ஒவ்வொரு சாலைக்கும் தனி எண்ணிக்கை. ஆறாங்கட்டை ஒன்றன்று, பல. “எந்த ரோட்டு ஆறாங்கட்டை?” என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். இதனால்தானோ என்னவோ இந்தப் பெயர்களை யாரும் முறையாகத் தொகுக்கவில்லை. வரைபடத்தில் மலாய்ப் பெயர் இருக்கும், ஆங்கிலப் பெயர் இருக்கும், சீன நாளேட்டில் சீனப் பெயர் இருக்கும். தமிழ்ப் பெயர் வாயில் மட்டும் இருக்கிறது. அந்த வாய்களுக்கு இப்போது எழுபது எண்பது வயது. இந்த இதழைப் படிப்பவர்களில் தோட்டப்புறத்திலிருந்து வந்தவர்கள் பலர். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது தாத்தா பாட்டியிடம் கேட்டு, எந்தச் சாலை, எத்தனையாவது கட்டை, அங்கே என்ன இருந்தது என்று மூன்று வரி எழுதி வந்தால் அடுத்த ஆண்டு இதழில் ஒரு பட்டியலே போடலாம். ஆசிரியர் குழுவிடம் இன்னும் கேட்கவில்லை. பக்கம் தருவார்கள் என்று நம்புகிறேன்.

கிலோமீட்டர் இப்படி ஊராகுமா என்று ஒரு நண்பர் கேட்டார். முயற்சி நடக்காமல் இல்லை. ‘கிலோமீட்டர் 12, ஜாலான் இன்னது’ என்று தொழிற்சாலைகளின் முகவரியில் வருகிறது. வட-தென் நெடுஞ்சாலையில் விபத்து நடந்தால் இத்தனையாவது கிலோமீட்டரில் என்று நாளேடுகள் தசமப் புள்ளியோடு எழுதுகின்றன. அங்கே எறங்கிக்க என்று யாரும் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.